வாயைத் திறந்து வைத்துக்கொண்டு "ம்" என்றால் அது சம்மதமா?

#1 மழைக்காகம்

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கீழ் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் ஒரு சொத்தையை அடைக்கப் போனேன். "சின்ன ஃபில்லிங்தான், அரை மணி நேர வேலை" என்று முதல் நாள் சொல்லியிருந்தார்கள். நாற்காலியைச் சாய்த்து, ஊசி போட்டு, உதடு தடித்துப்போன மாதிரி ஆனதும் டாக்டர் வேலையை ஆரம்பித்தார். வாயில் ஒரு பக்கம் பஞ்சு, இன்னொரு பக்கம் எச்சில் உறிஞ்சும் குழாய், முகத்துக்கு நேரே விளக்கு. பத்து நிமிடம் குடைந்திருப்பார். சட்டென்று நிறுத்திவிட்டு உதவியாளரிடம் ஏதோ முணுமுணுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, முகக்கவசத்துக்குள்ளிருந்தே, "உள்ள வரைக்கும் போயிருக்குங்க. ரூட் கெனால் பண்ணிடலாம், சரியா?" என்றார்.

நான் "ம்" என்றேன்.

அந்த "ம்"தான் என் பிரச்சினை. கதை கேட்கும்போது உம் கொட்டுவோமே, அந்த "ம்" அது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள், ஒத்துக்கொண்டேன் என்றல்ல. உண்மையில் பாதி "ம்", பாதி "ம்ம்?". ஆனால் வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு கேள்விக்குறியை எப்படி ஒலிப்பது? அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்துவிட்டார்.

சிகிச்சை தவறு என்று நான் சொல்லவில்லை. பல் இப்போது வலிக்கவில்லை. ஆனால் இன்னும் இரண்டு தடவை வர வேண்டும், முடிந்ததும் மேலே கேப் போட வேண்டும் என்பதை எனக்குச் சொன்னது டாக்டர் அல்ல, வெளியே பில் போடுகிறவர். அதுவும் நான் பணம் கட்டிக்கொண்டிருந்தபோது. மரத்துப்போன உதட்டோடு "கேப்பா?" என்று கேட்டேன். "கேஃபா" என்றுதான் வந்தது.

இது எல்லாருக்கும் நடப்பதுதானா, இல்லை நான்தான் ஊதிப் பெருக்குகிறேனா?

#2 இரவுப்பூனை

எல்லாருக்கும் நடப்பதுதான். எனக்கு மேல் பல். கேப் பற்றி எனக்கும் கடைசியில்தான் தெரிந்தது. ஏன் தேவை என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

#3 ஒற்றைக்கொம்பு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பல்லைப் பிடுங்குவதை விடப் பணத்தைப் பிடுங்குவதில்தான் லாபம். படுக்க வைத்து, வாயை அடைத்து, அப்புறம் "சரியா?" என்று கேட்டால் யார் மறுத்துப் பேச முடியும்? கத்தியைக் காட்டிக் கேட்பதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாமாகவே உள்ளே போகிறோம்.

#4 கடைவாய்

நான் பல் மருத்துவர், பத்தொன்பது வருட அனுபவம். ஒற்றைக்கொம்பு சொல்வதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மழைக்காகத்துக்கு.

எக்ஸ்ரே ஒரு தட்டையான படம். பல்லோ உருண்டையான பொருள். சொத்தை விழுந்த இடத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை தாது கரைந்த பிறகுதான் படத்தில் கறுப்பாகத் தெரியவே தெரியும். அதனால் படத்தில் பார்ப்பதை விட உள்ளே பள்ளம் பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும். "சின்ன ஃபில்லிங்" என்று திறந்து, சொத்தையைச் சுரண்டிக்கொண்டே போய், கடைசியில் நரம்புக் கூழ் தெரிவது எங்களுக்குப் புதிது அல்ல. உங்கள் டாக்டர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் புதிது அல்ல என்பதுதான் அவருக்கு எதிரான வாதமும். எங்களுக்குத் தெரிந்த விஷயம்தானே, முன்பே சொல்லியிருக்கலாமே? நான் இப்போது படத்தைக் காட்டி, "இந்த இருட்டு நரம்புக்குக் கிட்ட இருக்கு. திறந்து பார்த்தா அடைச்சுட்டு வந்துடலாம். இல்லன்னா அடியில மருந்து வெச்சு சில வாரம் பார்க்க வேண்டி வரும். அதுவும் இல்லன்னா ரூட் கெனால். எதுன்னு உள்ள போனாத்தான் தெரியும்" என்று நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் கூட ஆகாது.

முன்பே சொல்லாமல் விட்டிருந்தாலும் ஒரு வழி உண்டு. தற்காலிக அடைப்பு வைத்து மூடிவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி, பஞ்சை எடுத்து, வாய் கொப்பளிக்கச் சொல்லி, பிறகு கேட்பது. பெரும்பாலான பற்கள் தற்காலிக அடைப்போடு சில நாள் காத்திருக்கும். அந்த இடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டிய நெருக்கடி அபூர்வம்.

கேப் எதற்கென்றால், ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல் சுற்றிலும் சுவர் மட்டும் நிற்கும் வீடு மாதிரி. மெல்லும் அழுத்தம் முழுக்க அந்தச் சுவரில்தான் விழும், விரிசல் விட்டால் பல்லே போய்விடும். அதனால்தான் முழுவதையும் மூடுகிறோம். முன்பற்களுக்கு அழுத்தம் குறைவு, சில சமயம் கேப் இல்லாமலே ஓட்டிவிடலாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே ஏழெட்டு பேர் காத்திருந்த நாட்களில் உங்கள் டாக்டர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன்.

#5 ஒற்றைக்கொம்பு

> ஒரு நிமிடம் கூட ஆகாது

அப்படியென்றால் எல்லாரும் ஏன் செய்வதில்லை? நீங்கள் நல்லவர் என்பது வேறு விஷயம்.

#6 கடைவாய்

நல்லவர் கெட்டவர் என்பதை விட ஒரு வாக்கியம்தான் காரணம் என்று நினைக்கிறேன். "நீங்களே பார்த்துப் பண்ணுங்க டாக்டர்." பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்க இதமாக இருக்கும், நம்பிக்கை வைக்கிறார்கள் என்று தோன்றும். கொஞ்ச நாளில் விளக்கும் பழக்கமே விட்டுப்போகும். பிறகு அதே நபர், "சொல்லவே இல்லையே" என்று வருவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

பணத்துக்காகச் செய்கிறவர்கள் இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். இருக்கிறார்கள்.

#7 பஞ்சுருண்டை

நான் பல் மருத்துவ உதவியாளர். குழாயைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பேனே, அந்த ஆள். அதிகமாக யாரும் என்னைப் பார்ப்பதில்லை, ஆனால் நான் எல்லாரையும் பார்ப்பேன்.

டாக்டருக்குத் தெரிவது விளக்கு வெளிச்சத்தில் ஒரு பல், அதிலும் பாதி நேரம் கண்ணாடிக்குள். எனக்குத் தெரிவது கால். வலிக்கும்போது முதலில் கால் கட்டைவிரல் மடங்கும், அப்புறம் கை நாற்காலிப் பிடியை இறுக்கும், முகம் கடைசியில்தான் மாறும். நான் டாக்டரின் முழங்கையை லேசாகத் தொடுவேன், அவர் நிறுத்துவார். இது எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு.

நோயாளியோடும் ஓர் ஏற்பாடு உண்டு. வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்பது. ஏன் இடது கை? டாக்டர் வலக்கைக்காரர், உங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். நீங்கள் வலது கையைத் தூக்கினால் சுற்றிக்கொண்டிருக்கும் கருவி மேல் தட்டிவிடும். இதைச் சொல்லாத இடமே இருக்காது. ஆனால் சொல்வது பெரிதல்ல. முதல் தடவை கை தூக்கியதும், "இதோ, இன்னும் கொஞ்சம்தான்" என்று ஒரு டாக்டர் தொடர்ந்துவிட்டால் அந்த ஆள் வாழ்நாளில் மறுபடி கை தூக்க மாட்டார். வலியைத் தாங்கிக்கொண்டு கிடப்பார், வெளியே போய் இனி வரவே மாட்டார்.

அதனால் நான் தொடங்கும் முன்பே ஒத்திகை வைப்பேன். "சும்மா ஒரு தடவை தூக்கிக் காட்டுங்க." அவர் தூக்குவார், டாக்டர் இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பின்னால் சாய்வார். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். வேலை நடக்கும்போது அவர்கள் கை தூக்குவதே குறைவு. தூக்கினால் நிற்கும் என்று தெரிந்துவிட்டதே.

அப்புறம் இந்த எண்கள். ஈறைப் பரிசோதிக்கும்போது டாக்டர் "மூணு ரெண்டு மூணு, மூணு அஞ்சு நாலு" என்று சொல்லிக்கொண்டே போவார், நான் குறித்துக்கொள்வேன். நோயாளி கிலி பிடித்துக் கிடப்பார். ஒருவர் முடிந்ததும், "மொத்தம் எத்தனை பல் போச்சு?" என்று கேட்டார். இன்னொருவர் அதை மதிப்பெண் என்று நினைத்திருக்கிறார்! ஆறு வந்ததும் கண்ணில் ஒரு பெருமை. விஷயம் இவ்வளவுதான்: பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்பது. 3 வரை கவலை இல்லை. 4 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களே உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு வருவார்கள். "அந்த அஞ்சு எந்தப் பல் சார்?" என்று எழுந்ததும் கேட்பார்கள். அப்படிக் கேட்டவர் வீட்டுக்குப் போய் அந்த இடத்தில் நிச்சயம் பிரஷ்ஷை இன்னொரு முறை ஓட்டுவார்.

#8 இரவுப்பூனை

ஆறு வந்ததும் பெருமை :) நான்தான் அது என்று சொன்னால் நம்புவீர்களா?

#9 வெள்ளெருக்கு

கை தூக்கி ஏமாந்தவர்கள் சங்கத்துக்கு நான் தலைவி. எனக்கு அப்போது இருபது வயது. வலிக்கிறது என்று கை காட்டினேன். "ஊசி போட்டாச்சே, வலிக்காது, அது வெறும் அழுத்தம்" என்றார். என் வலி எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு ஒன்பது வருடம் பல் டாக்டர் பக்கமே போகவில்லை.

போன வருடம் வேறு வழியில்லாமல் போனபோது ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஐந்தே கேள்வி. நாளைக்கு சிகிச்சை என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும்போது எப்படி, குடையும்போது எப்படி, சுத்தம் செய்யும்போது எப்படி, ஊசிக்கு எப்படி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. நான் 21 வாங்கினேன். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எதுவும் செய்யல, பேசிட்டு மட்டும் போங்க" என்றார். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் அன்றைக்கும் ஓடியிருப்பேன்.

#10 கடைவாய்

அந்தத் தாள் 1995-இல் வெளிவந்தது. கூட்டினால் 5 முதல் 25 வரை வரும். 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம் என்று கொள்கிறோம். அதை நிரப்பச் சொன்னால் பயம் கூடிவிடுமோ என்று நாங்கள் தயங்குவதுண்டு. எனக்குத் தெரிந்து நேர்மாறாகத்தான் நடக்கிறது.

உங்கள் பழைய கதையில் டாக்டர் சொன்னது பாதி சரி, அதனால்தான் முழுக்கத் தப்பாகிவிட்டது. மரத்துப்போகும் மருந்து வலியை நிறுத்தும். அழுத்தம், அதிர்வு, சத்தம் மூன்றும் தெரியத்தான் செய்யும். பல் பிடுங்கும்போது தாடையே கழன்று வருவது மாதிரி இருக்கும், கூர்மையான வலி இருக்காது. இதை ஊசி போடும் முன் சொன்னால் அது தகவல். கை தூக்கிய பிறகு சொன்னால் "நீ பொய் சொல்கிறாய்" என்றுதான் காதில் விழும்.

உண்மையிலேயே ஊசி பிடிக்காத பல்லும் உண்டு. கடுமையாக வீங்கிய நரம்போடு வரும் கீழ்க் கடைவாய்ப் பல் எங்களுக்குத் தலைவலி. உதடு முழுக்க மரத்திருக்கும், பல் மட்டும் விழித்திருக்கும். உதடு மரத்ததா என்று கேட்டுவிட்டுத் தொடங்கினால் மாட்டிக்கொள்வோம். பல்லின் மேல் ஐஸ் போலக் குளிர்ந்த ஒன்றை வைத்துப் பார்ப்பதுதான் ஓரளவு நம்பகமான சோதனை.

இன்னொன்று. "எனக்கு அந்த ஊசி அலர்ஜி" என்று பலர் எழுதித் தருகிறார்கள். என்ன ஆனது என்று கேட்டால், நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, ரெண்டு நிமிஷத்தில் சரியாகிவிட்டது என்பார்கள். மருந்தோடு சேர்ந்திருக்கும் அட்ரினலின் செய்யும் வேலை அது. அந்த மருந்துக்கே உண்மையான ஒவ்வாமை மிக அபூர்வம். தடிப்பு, அரிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் கதையே வேறு. "அலர்ஜி" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

#11 எழுத்தாணி

"வலி" என்ற சொல்லுக்கும் அதே கதிதான். பிழை திருத்துவது என் தொழில், அதனால் சொல்கிறேன். நம்மிடம் வலிக்கு எத்தனை சொற்கள்! கூசுகிறது, சுருக்கென்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, குடைகிறது, கடுகடுக்கிறது. இதையெல்லாம் வீட்டில் சொல்லிவிட்டு, டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "பல்லு வலி சார்" என்று முடித்துக்கொள்கிறோம். இந்தச் சொற்களால் டாக்டருக்கு ஏதாவது பயன் உண்டா, இல்லை எல்லாம் ஒன்றுதானா?

#12 கடைவாய்

பயன் உண்டாவா? பாதி நோயை அதிலேயே கண்டுபிடிக்கலாம்.

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசி, விழுங்கியதும் நின்றுவிட்டால் நரம்பு இன்னும் உயிரோடு தெம்பாக இருக்கிறது. பெரும்பாலும் அடைத்தால் போதும். தண்ணீர் போய் அரை நிமிடம் கழித்தும் வலி நின்று விளையாடினால், அல்லது எதுவும் படாமலே நடுராத்திரியில் விண்விண் என்று தெறித்து எழுப்பினால், நரம்பு மீளாத கட்டத்துக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். படுத்தால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது என்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால் "ஆமாம்ல!" என்பார்கள். கடித்தால் மட்டும் ஓர் இடத்தில் குத்தினால் வேர் நுனியில் ஏதோ நடக்கிறது. கடித்துவிட்டு விடும்போது சுருக்கென்றால் விரிசலைத் தேடுவேன். அப்புறம் ரொம்ப ஆபத்தான வாக்கியம் ஒன்று: "ஒரு வாரம் உயிர் போச்சு டாக்டர், இப்ப வலியே இல்ல, சரியாப் போச்சு." சரியாகவில்லை, பெரும்பாலும் நரம்பு செத்துவிட்டது என்று பொருள்.

எந்தப் பல் என்று மட்டும் உங்களை முழுசாக நம்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நரம்பு வலி மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று மூளைக்கே குழப்பம் வரும். கீழ்ப் பல் கெட்டிருக்க, காது வலி என்று காதுக்கு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு. ஆனால் இடது வலது மாறுவது அனேகமாக இல்லை. ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்க்கும்போது "இவருக்கு எதுன்னே தெரியல" என்று நினைப்பீர்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் தட்டுகிறோம். வாய்விட்டு இதைச் சொல்லாததும் எங்கள் தப்புதான்.

#13 குருவிக்கூடு

குழந்தைகள் விஷயத்தில் சொதப்புவது டாக்டர் அல்ல, நாம்தான். என் மகளுக்கு ஐந்து வயது. போகும் வழியெல்லாம் "வலிக்கவே வலிக்காது, ஊசியெல்லாம் போட மாட்டாங்க" என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அதுவரை அவளுக்கு ஊசி என்ற நினைப்பே இல்லை. வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த டாக்டர் முதலில் என்னிடம்தான் பேசினார், மெதுவாக: "உள்ள வாங்க, ஆனா பேசாதீங்க. அவ காதுல ஒரு குரல் மட்டும் விழட்டும்." பிறகு சுற்றும் பிரஷ்ஷை எடுத்து, இது பல்லுக்குக் கிச்சுகிச்சு மூட்டும் என்று சொன்னார். தன் விரல் நகத்தில் ஓட்டிக் காட்டினார், அவள் நகத்தில் ஓட்டினார், அப்புறம் ஒரே ஒரு பல்லில். சொல்வது, காட்டுவது, செய்வது. இந்த வரிசையில் ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. அன்றைக்குப் பல்லை எண்ணியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. இருபது. அவள் வீட்டில் எல்லாரிடமும் "எனக்கு இருபது" என்று சொல்லித் திரிந்தாள்.

#14 கடைவாய்

அந்த வரிசைக்கு வயது அதிகம். ஆடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் 1959-இல் எழுதி வைத்தது. இன்றைக்கும் குழந்தைப் பல் மருத்துவத்தில் முதல் பாடம். பெரியவர்களுக்கும் இதையே செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது பத்து வருடம் கழித்துத்தான்.

#15 இலைநிழல்

எனக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வேன். இங்கே எல்லாரும் முகக்கவசத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள், எனக்கு அது கதவைச் சாத்துவது மாதிரி. அதோடு விளக்கு கண்ணில் அடிக்கும், காதுக் கருவி கை பட்டால் விசிலடிக்கும் என்று கழற்றச் சொல்வார்கள். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது போகும் இடத்தில் ஒரு முறை வைத்திருக்கிறோம். தொடங்கும் முன் தள்ளி நின்று கவசத்தை இறக்கிவிட்டு முழுவதையும் சொல்லிவிடுவார். நான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், தவறாக இருந்தால் திருத்துவார். அதன் பிறகு தோளில் தட்டுதான். ஒரு தட்டு என்றால் வாயைத் திற, இரண்டு என்றால் மூடி ஓய்வெடு, நீளமாக அழுத்தினால் சத்தமோ அதிர்வோ வரப்போகிறது. நடுவில் புதிதாக ஏதாவது வந்தால் நிறுத்திவிட்டு ஃபோனில் தட்டிக் காட்டுவார். மழைக்காகம், உங்களுக்கு நடந்தது எனக்கு நடக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் என் "ம்"ஐ அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

#16 எழுத்தாணி

> நான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்

இதைக் காது கேட்பவர்களுக்கும் கட்டாயமாக்கலாம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் உலகத்தில் யாராவது புரியவில்லை என்று சொன்னதுண்டா?

#17 கருவேலன்

மறுபக்கத்துக் கதை ஒன்று. இதில் டாக்டர் மேல் குற்றமில்லை.

என் அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம். பல வருடமாக வாரம் ஒரு மாத்திரை. பல் பிடுங்கப் போனபோது, "வேறு மருந்துகள்?" என்று தாளில் கேட்டிருந்தார்கள். "இல்லை" என்று எழுதியது நான்தான், அம்மா சொல்லச் சொல்ல. அம்மாவைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை, "சத்து மாத்திரை". பல்லை எடுத்த இடம் ஆறவில்லை. இரண்டு மாதம் கழித்தும் நாக்கால் தடவினால் சொரசொரவென்று எலும்பு. அதன் பிறகுதான் மாத்திரை விவரமே வெளியே வந்தது. ஆறிவிட்டது, ஆனால் ஒரு வருடம் ஆனது.

#18 கடைவாய்

எலும்பு மாத்திரைக்கும் தாடை எலும்பு அழுகுவதற்கும் உள்ள தொடர்பு 2003-இல்தான் மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டது. வாய்வழி மாத்திரை எடுப்பவர்களுக்கு இது அரிதாகத்தான் வரும். புற்றுநோய்க்காக ஊசியாக எடுப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தெரிந்திருந்தால் பல்லை எடுக்காமல் காப்பாற்ற முடியுமா என்று முதலில் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் இன்னும் ஜாக்கிரதையாக எடுத்திருப்பார்கள். உங்கள் அம்மா மேலும் குற்றமில்லை. "வேறு மருந்துகள்?" என்பது மோசமான கேள்வி. நான் இப்போது "வீட்ல இருக்கிற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க, சத்து மாத்திரையும் சேர்த்து" என்கிறேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு நேர்மாறான வியாதி. பல் பிடுங்கப் போகிறோமே என்று யாரையும் கேட்காமல் மூன்று நாள் முன்பே தாங்களாக நிறுத்திவிட்டு வருவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு பல் எடுத்த இடத்தில் கசியும் ரத்தத்தை நாங்கள் நிறுத்திவிடலாம். மூளையில் அடைப்பு வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

#19 ஒற்றைக்கொம்பு

சரி, ஒரு கேள்வி. என் நண்பனுக்கு ஒரு டாக்டர் ஐந்து சொத்தை என்றார். அடுத்த வாரம் இன்னொருவர் ஒன்றே ஒன்றுதான் என்றார். இரண்டு பேரில் ஒருவர் பொய்யர்தானே?

#20 கடைவாய்

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனாமலில் தொடங்கிய வெள்ளைத் திட்டை ஒருவர் சொத்தை என்று எண்ணுவார், இன்னொருவர் ஃபுளோரைடு பூசிப் பார்க்கலாம் என்று எண்ணாமல் விடுவார். பொய்யா, கருத்து வேறுபாடா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: "இதை ஆறு மாசம் தொடாம விட்டா என்ன ஆகும்?" நேர்மையானவர் ஒவ்வொரு பல்லுக்கும் வெவ்வேறு பதில் சொல்வார். ஐந்துக்கும் ஒரே மாதிரி பயமுறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது கருத்துக்குப் போகும்போது பல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் முறையில் 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப் பல். அமெரிக்காவில் 1 முதல் 32 வரை எண்ணும் முறையில் அதே 16 மேல் இடது ஞானப்பல். வாய்க்கு அந்தக் கோடியும் இந்தக் கோடியும். ஒரு நாட்டில் எடுத்த குறிப்போடு இன்னொரு நாட்டில் சிகிச்சைக்குப் போகிறவர்கள் படத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

#21 மழைக்காகம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேலை முடிந்துவிட்டது.

இரண்டாவது தடவை போகும் முன் நான்கு கேள்வியை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அது பின்னால் சாய ஆரம்பித்தது. "ஒரு நிமிஷம், நிமிர்த்துங்க" என்றேன். இதைச் சொல்ல இவ்வளவு தைரியம் வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. டாக்டர் தாளை வாங்கிப் படித்தார். படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். நரம்பு நிஜமாகவே வெளியே தெரிந்திருக்கிறது. போன தடவையே இதைக் காட்டியிருந்தால் நானே ரூட் கெனால் செய்யுங்கள் என்றிருப்பேன்.

"நீங்க ம்-னு சொன்னீங்களே" என்றார்.

"அது ம்ம்?" என்றேன்.

சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இனிமே கட்டைவிரல் காட்டுங்க, மேலயா கீழயான்னு" என்றார். சரி என்றேன். ஆனாலும் நடுவில் இரண்டு கையும் என் வாய்க்குள் இருக்கும்போது, "எங்க வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். அதற்கு எந்த விரலைக் காட்டுவது?

கேப் பொருத்திய அன்று நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி "உயரமா இருக்கா?" என்றார்கள். பாதி வாய் மரத்துப்போய்க் கிடக்கிறது, உயரமா பள்ளமா என்று எனக்கு என்ன தெரியும்? வழக்கம் போல "ம்" சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டு, "மரப்பு போனப்புறம்தான் தெரியும், நாளைக்கு வந்து சொல்றேனே" என்றேன். மறுநாள் கடித்தால் அந்தப் பல் மட்டும் முதலில் முட்டியது, கூழாங்கல்லைக் கடித்த மாதிரி. போனேன். நீலத் தாள், ஓரத்தில் ஒரு புள்ளி, பத்து நொடி தேய்ப்பு. அவ்வளவுதான்.

#22 பஞ்சுருண்டை

அந்த "உயரமா இருக்கா"வுக்கு மரத்த வாயோடு பதில் சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு வாரம் ஒரு பக்கமாக மென்றுவிட்டு, "நீங்க போட்ட கேப் சரியில்ல" என்று வருவார்கள். நாங்கள் கேட்கும் நேரம்தான் சரியில்லை.

#23 ஒற்றைக்கொம்பு

இவ்வளவு நாள் கத்திவிட்டு இதைச் சொல்ல ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. எனக்கே மேல் வலப்பக்கம் நான்கு மாதமாக விண்விண். #12 படித்த அன்று ராத்திரி எழுந்து உட்கார்ந்து பார்த்தேன், குறைந்தது. வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டாயிற்று.

இடது கைதானே தூக்க வேண்டும்?

#24 பஞ்சுருண்டை

உங்கள் டாக்டர் இடக்கைக்காரரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.